ஈயடிச்சான் காப்பியா? ஹேலோ 4 மல்டிபிளேயர்: ஒரு நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தில் காப்பி என்றால் டிகிரி காப்பி. அதே ஊரில் ஒரு கேம் சென்டருக்குள் கால் வைத்தால் அந்தச் சொல்லுக்குத் திருட்டு என்று அர்த்தம். கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6-இல் கை பழகி, கால் ஆஃப் டியூட்டி 4-இல் தேறி, பிறகு போனில் ஃப்ரீ ஃபயருக்கும் பிஜிஎம்ஐக்கும் போன டெல்டா பையன்களில் பெரும்பாலோர் எக்ஸ்பாக்ஸ் 360-ஐக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். 2012-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வெளியான ஷூட்டர் ஆட்டம் ஹேலோ 4, மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன் வழியாகப் பிசிக்கு வந்தது 2020 நவம்பர் 17 அன்றுதான். மல்டிபிளேயர் மெனுவைத் திறந்து லோட்அவுட் (இறங்கும்போது தூக்கிப் போகும் ஆயுதங்களின் தொகுப்பு) பக்கம் வந்ததும் பையன் திரும்பிக் கேட்பான்: “அண்ணே, இது நம்ம சிஓடிதானே?”

சிஓடி என்றால் கால் ஆஃப் டியூட்டி. இந்தக் கேள்வி ஆட்டம் வெளியான வாரத்திலேயே உலகம் முழுக்க எழுந்ததுதான். பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி ஒற்றுமைகளை அடுக்கும். இன்னொன்று “ஷீல்டு இருக்கு, வண்டி இருக்கு, இது எப்படி சிஓடி ஆகும்?” என்று கேட்கும். இரண்டு வாதமும் பாதியில் நின்றுவிடுகின்றன.

ஈயடிச்சான் காப்பி என்ற சொல்லின் கதை நமக்குத் தெரியும். பார்த்து எழுதுகிறவன், மூலத்தில் ஏதோ ஒரு ஈ நசுங்கிக் கிடந்தால் தானும் ஓர் ஈயை அடித்து அதே இடத்தில் ஒட்டுவான். அந்த ஈக்கு மூலத்திலும் அர்த்தம் கிடையாது, நகலிலும் கிடையாது. நகல் என்பதற்கு அதுதான் சாட்சி. ஷூட்டர் விஷயத்தில் இதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். போட்டியாளரின் ஆட்டத்தில் ஒரு காரணத்தோடு இருந்து, அந்தக் காரணம் இல்லாத இடத்திலும் வந்து ஒட்டிக்கொண்டது எதுவோ, அதுவே ஈ. இந்த ஆய்வு தேடுவது அதைத்தான்.

முதலில் தேதி

யார் யாரைப் பார்த்திருக்க முடியும் என்பதைத் தேதி சொல்லிவிடும். ஹேலோ 3 வந்தது 2007 செப்டம்பர் 25. கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர் அதே ஆண்டு நவம்பரில். மாடர்ன் வார்ஃபேர் 2, 2009 நவம்பர் 10. ஹேலோ ரீச், 2010 செப்டம்பர் 14. மாடர்ன் வார்ஃபேர் 3, 2011 நவம்பர் 8. ஹேலோ 4, 2012 நவம்பர் 6. இன்னொரு கால் ஆஃப் டியூட்டியான பிளாக் ஆப்ஸ் 2 அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 13.

ஆகவே பிளாக் ஆப்ஸ் 2-இல் பத்துப் புள்ளிக்குள் சாமான் தேர்ந்தெடுக்கும் ‘பிக் 10’ முறையோடு ஹேலோ 4-ஐ ஒப்பிட்டுக் கத்துவது வீண். இரண்டும் ஒரே நேரத்தில் தயாரானவை. ஒப்பிட வேண்டியது 2007 முதல் 2011 வரை வந்த மூன்று மாடர்ன் வார்ஃபேர்களோடு. இன்னொன்றும் உண்டு. ஹேலோ 4, அதுவரை ஹேலோவைச் செய்துவந்த பங்கி நிறுவனத்தின் கையை விட்டு 343 இண்டஸ்ட்ரீஸ் கைக்கு வந்த பிறகு முதலில் வந்த பெரிய புது ஹேலோ. ஆனால் லோட்அவுட் என்ற சொல் ஹேலோவுக்குள் நுழைந்தது பங்கியே செய்த ரீச்சில்தான். அங்கே ஜெட் பேக், ஸ்பிரின்ட் போன்ற ஒரு திறனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இறங்குவார்கள். கதவைத் திறந்தது பழைய வீட்டுக்காரர். அதன் வழியே சாமான் இறக்கியது புது வீட்டுக்காரர்.

நேருக்கு நேர் வைத்தால்

மாடர்ன் வார்ஃபேரில் ஒரு கிளாஸ் என்பது முதன்மைத் துப்பாக்கி, கைத்துப்பாக்கி, எறிகுண்டு, மூன்று பெர்க், அதாவது கூடுதல் திறன். ஹேலோ 4-இன் லோட்அவுட்டில் முதன்மை, இரண்டாம் ஆயுதம், எறிகுண்டு, ஆர்மர் எபிலிட்டி, டாக்டிகல் பேக்கேஜ், சப்போர்ட் அப்கிரேட். கடைசி இரண்டும் பெர்க்தான், பெயர் மட்டும் வேறு.

அந்தப் பெயர்ப் பலகையைக் கழற்றிப் பார்த்தால் நான்கு ஜோடிகள் அப்படியே பொருந்தும். ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் வேகமாக ரீலோட் செய்யவைக்கும், டெக்ஸ்டெரிட்டியும் அதையே செய்யும். பேண்டோலியர் கூடுதல் தோட்டா தரும், இங்கே அதன் பெயர் அம்மோ. எக்ஸ்ட்ரீம் கண்டிஷனிங் அதிக நேரம் ஓடவைக்கும். மொபிலிட்டி ஒருபடி மேலே போய் ஓட்டத்துக்கு வரம்பே இல்லாமல் செய்துவிடும். ஓவர்கில் இருந்தால் இரண்டு முதன்மைத் துப்பாக்கி தூக்கலாம், அதுவே ஃபயர்பவர். இந்த நான்கையும் தற்செயல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ரேங்க் ஏறும் ஏணியும் அதே மரத்தில் செய்ததுதான். கால் ஆஃப் டியூட்டி 4-இல் 55 லெவல், பிறகு முதலிலிருந்து மறுபடி ஏறும் பிரெஸ்டீஜ் 10 முறை. இங்கே 50 வரை ஏறி, பிறகு எட்டு ஸ்பெஷலைசேஷன், ஒவ்வொன்றிலும் பத்துப் படி, ஆக மொத்தம் 130. கில்கேமும் வந்தது. அதைப் பற்றி ரொம்பப் பேச ஒன்றுமில்லை. யார் சுட்டான் என்று காட்டுகிறது, வேண்டாதவர் தாண்டிப் போகலாம்.

இவ்வளவும் கடன் என்பதில் சந்தேகமில்லை. ஈ என்று சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியாது. வேகமாக ரீலோட் செய்வது எந்த ஷூட்டரிலும் ஒரே வேலையைத்தான் செய்யும். ஆனால் லோட்அவுட்டுக்குள் வைத்த சில சாமான்கள் ஹேலோவுக்கே உரிய கணக்கைக் கெடுத்தன. பிளாஸ்மா பிஸ்டல் முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சுட்டால் வண்டியை முடக்கும். முன்பு அதை மேப்பில் தேடிப் போய் எடுக்க வேண்டும், ஆகவே வார்ட்ஹாக் வண்டி ஓட்டுகிறவன் யார் கையில் அது இருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பான். ஹேலோ 4-இல் எல்லோரும் பிறக்கும்போதே இடுப்பில் அதைச் செருகிக்கொண்டு வரலாம், மறுகையில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்மா குண்டு. எக்ஸைல் மேப்பில் வார்ட்ஹாக் எடுத்தவன் அரை ரவுண்டு சுற்றுவதற்குள் தெருவில் நிற்பான். போல்ட்ஷாட் இன்னும் மோசம். சார்ஜ் ஏற்றி மூலையில் காத்திருந்தால் கிட்டத்தில் ஒரே அடியில் ஆள் காலி. ஷாட்கன்னைப் பிறவியிலேயே எல்லோர் கையிலும் கொடுத்ததுக்குச் சமம். 2013 ஜூனில் வந்த ஆயுதத் திருத்தத்தில் அதன் பல்லைப் பிடுங்கினார்கள்.

முறைத் தண்ணீரும் தனி போர்வெல்லும்

வழக்கப்படி மேட்டூர் திறப்பது ஜூன் 12. கல்லணைக்குத் தண்ணீர் எப்போது வரும், தன் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று கடைமடைக்காரனுக்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் குறைந்த வருடத்தில் முறை வைப்பார்கள். இந்த நாள் உன் மதகு, அந்த நாள் என் மதகு. சண்டை வரும், மண்வெட்டி கூடத் தூக்குவார்கள். ஆனால் சண்டை எங்கே, எப்போது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

பழைய ஹேலோவின் ராக்கெட் லாஞ்சர் அப்படிப்பட்ட மதகு. 2001-இல் வந்த முதல் ஹேலோவில் பல மேப்களில் ராக்கெட் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையும் ஓவர்ஷீல்டு ஒரு நிமிடத்துக்கு ஒருமுறையும் அதே இடத்தில் முளைக்கும். எல்லோரும் ஒரே துப்பாக்கியோடு பிறப்பார்கள். தேறிய ஆள் என்றால் கடிகாரம் பார்க்கத் தெரிந்த ஆள். “டேய், இன்னும் பத்து செகண்டு, மேல வா” என்று கத்துகிறவன்தான் அணியின் மூளை. ராக்கெட் முளைக்கும் இடத்துக்கு நான்கு பேரும் நடந்து போவது, எதிரணி அங்கே வரும் என்று தெரிந்தே போவது, இதுதான் அந்த ஆட்டம்.

ஹேலோ 4-இன் முக்கிய ஆட்ட வகையான இன்ஃபினிட்டி ஸ்லேயர் ஆளுக்கு ஒரு போர்வெல் போட்டுக் கொடுத்தது. கில், அசிஸ்ட் என்று புள்ளி சேரச்சேர ஒரு மீட்டர் நிரம்பும். நிரம்பியதும் திரையில் மூன்று சாய்ஸ். ஒன்றை அழுத்தினால் வானத்திலிருந்து பெட்டி பக்கத்திலேயே வந்து குத்தி நிற்கும். பெயர் பர்சனல் ஆர்ட்னன்ஸ். நீங்கள் எந்த மூலையில் நின்றாலும் தண்ணீர் அங்கேயே வரும், மதகுக்குப் போக வேண்டிய வேலையே இல்லை.

இதை எல்லோரும் கில்ஸ்ட்ரீக், அதாவது தொடர்ந்து கொன்றால் கிடைக்கும் பரிசு, என்றார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் அது துல்லியம் இல்லை. மாடர்ன் வார்ஃபேரின் 3, 5, 7 என்ற கில்ஸ்ட்ரீக் செத்தால் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஹேலோ 4-இன் மீட்டர் செத்தாலும் அழியாது. மாடர்ன் வார்ஃபேர் 3-இன் சப்போர்ட் ஸ்டிரைக் பேக்கேஜும் செத்தாலும் அழியாதது. அந்த மூன்று சாய்ஸில் என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். அது மாடர்ன் வார்ஃபேர் 2-இன் கேர் பேக்கேஜ். ஒன்றின் கணக்கையும் இன்னொன்றின் பெட்டியையும் சேர்த்துக் கட்டிய கலவை இது. கேர் பேக்கேஜில் இருந்த ஒரு நல்ல விஷயமும் வழியில் உதிர்ந்துவிட்டது. அங்கே மார்க்கரை வீசி, ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க வேண்டும். எதிரி பெட்டியைத் தூக்கிப் போகலாம். அதாவது பெட்டி விழுகிற இடமே ஒரு சின்ன மதகு. இங்கே அதற்குக் கூட அவகாசம் குறைவு.

அதிர்ஷ்டம் ஏன் அங்கே பொறுத்துக்கொள்ளப்பட்டது, இங்கே ஏன் எரிச்சல் தந்தது? அதற்குத் தோட்டாக் கணக்குப் போட வேண்டும்.

தோட்டாக் கணக்கு

கால் ஆஃப் டியூட்டி 4-இல் ஆளுக்கு உயிர் 100. ஏகே-47 கிட்டத்தில் ஒரு தோட்டாவுக்கு 40, தூரத்தில் 30. பெர்க் எதுவும் இல்லாமல் கிட்டத்தில் மூன்று தோட்டாவில் ஆள் விழுவான். ஸ்டாப்பிங் பவர் பெர்க் போட்டால் சேதம் 40 சதவீதம் கூடும், அப்போது 56 ஆகி இரண்டே தோட்டா. நிமிடத்துக்குச் சுமார் 700 ரவுண்டு என்று வைத்தால் இரண்டு தோட்டாவுக்கு இடையே 0.09 விநாடிக்கும் குறைவு. விநாடிக்கு 60 ஃபிரேமில் பிடித்த வீடியோவில் ஐந்து ஃபிரேம். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும்.

ஹேலோ 4-இன் பேட்டில் ரைஃபிள் ஒரு முறை அழுத்தினால் மூன்று தோட்டா, அதுதான் ஒரு பர்ஸ்ட். வெளியானபோது ஒரு ஸ்பார்ட்டனை (ஹேலோவில் நாம் ஆடும் வீரனை) கொல்ல ஐந்து பர்ஸ்ட், கடைசி பர்ஸ்ட் தலையில். 2013 ஜூன் திருத்தத்தில் அதை நான்காகக் குறைத்தார்கள். எல்லாக் குண்டும் பட்டாலும் ஒரு விநாடிக்கு மேல் ஆகும், அதாவது 60 ஃபிரேமைத் தாண்டும். அந்த ஒரு விநாடிக்குள் எதிராளி திரும்பலாம், குதிக்கலாம், குண்டு வீசலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஹேலோவின் உயிர் அந்த ஒரு விநாடியில் இருக்கிறது, அதை ஹேலோ 4 விட்டுக்கொடுக்கவில்லை. “அப்படியே சிஓடி” என்பவர்கள் முதலில் தோற்பது இங்கேதான்.

அதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். சிஓடியில் சாதாரணத் துப்பாக்கியே ஐந்து ஃபிரேமில் கொல்கிறது. அதிர்ஷ்டத்தில் நல்ல ஆயுதம் கிடைத்தவனுக்கும் கிடைக்காதவனுக்கும் நேருக்கு நேர் சண்டையில் பெரிய இடைவெளி கிடையாது. ஹேலோவில் பைனரி ரைஃபிள் உடம்பில் ஒன்று பட்டால் முடிந்தது, இன்சினரேஷன் கேனனும் அப்படியே. சாதாரண ஆயுதத்துக்கு நான்கு, ஐந்து பர்ஸ்ட். ஒருவன் பெட்டியில் எறிகுண்டும் நீட்லரும், இன்னொருவன் பெட்டியில் பைனரி ரைஃபிளும் வந்தால் அந்த இடைவெளியைத் திறமை நிரப்பாது. மெதுவாகக் கொல்லும் ஆட்டத்தில் பவர் ஆயுதத்தின் கனம் அதிகம். அதனால்தான் பழைய ஹேலோ அதை மேப்பில் வைத்து, மணி குறித்து, சண்டை போட்டு எடுக்கச் சொன்னது. பர்சனல் ஆர்ட்னன்ஸ் முதல் ஈ.

இரண்டாவது, உடனடி ரீஸ்பான். இன்ஃபினிட்டி ஸ்லேயரில் செத்ததும் பட்டனை அழுத்தினால் உடனே திரும்பலாம். சிஓடியில் ஐந்து ஃபிரேமில் கொன்றவன் பெரும்பாலும் கீறல் இல்லாமல் நிற்பான், செத்தவன் உடனே வந்தாலும் சமச் சண்டை. ஹேலோவில் ஒரு விநாடி சண்டையை ஜெயித்தவன் ஷீல்டு (உயிருக்கு மேல் இருந்து, ஒதுங்கினால் தானாக ஏறும் கவசம்) போய் மூலையில் ஒண்டி நிற்பான். அந்த நேரத்தில் செத்தவன் முழு ஷீல்டோடு, அதுவும் பக்கத்திலேயே முளைத்தால்? ஜெயித்ததற்குத் தண்டனை. முன்பு இருந்த சில விநாடி காத்திருப்பு சும்மா வைத்த தாமதம் இல்லை. ஜெயித்தவன் ஷீல்டு ஏற்றிக்கொள்ளவும், நாலுக்கு மூன்று என்ற பலத்தோடு ராக்கெட் பக்கம் நகரவும் கொடுத்த அவகாசம் அது.

மூன்றாவது சின்னது, ஆனால் சண்டைக்குள்ளேயே நுழைந்தது. பழைய ஹேலோவில் ஸ்கோப் வைத்திருப்பவன் மேல் ஒரு குண்டு பட்டால் ஸ்கோப் கழன்றுவிடும். தூரத்தில் ஸ்னைப்பர் வைத்திருப்பவனைக் கொல்ல முடியாவிட்டாலும், பேட்டில் ரைஃபிளால் தட்டிக்கொண்டே இருந்தால் அவன் குறி வைக்க முடியாது. அது அணித் தோழனைக் காப்பாற்றும் வழி. ஹேலோ 4 அதை எடுத்துவிட்டு, அடிபட்டால் குறி குலுங்கும் முறையை வைத்தது. சிஓடியில் அது போதும். குலுங்குவதற்குள் யாராவது செத்திருப்பார்கள். இங்கே ரேக்னராக் போன்ற அகலமான மேப்பில் டிஎம்ஆர் என்ற தொலைதூரத் துப்பாக்கி வைத்து மேட்டில் நின்றவனை இறக்க வழியில்லாமல் போனது. கீழே இருந்து சுடுபவன் குண்டு படும், மேலே இருப்பவன் குறி லேசாக ஆடும், அவ்வளவுதான். மொத்த மேப்பும் இரண்டு மேடுகளுக்கு இடையே டிஎம்ஆர் பேச்சுவார்த்தையாகிவிடும்.

சென்டரிலேயே சோதிக்க

வாதத்தை விட்டுவிட்டு ஓர் இரவில் சோதித்துப் பார்க்கலாம். ஆறு பேர், ஆறு பிசி, ஹேவன் மேப், மூன்றுக்கு மூன்று. ஹேவன் இரு பக்கமும் ஒரே அச்சு, ஆகவே பக்கத்தால் வரும் சாக்கு கிடையாது. கஸ்டம் கேமில் ஸ்லேயரை எடுத்து மூன்று விதமாகச் சேமிக்கவும். முதலாவதில் எல்லாம் இயல்புப்படி. இரண்டாவதில் பர்சனல் ஆர்ட்னன்ஸ் மட்டும் அணைத்தது. மேப்பில் விழும் ஆர்ட்னன்ஸ் தனி அமைப்பு, அதைத் தொட வேண்டாம். மூன்றாவதில் லோட்அவுட்டையும் அணைத்து எல்லோருக்கும் பேட்டில் ரைஃபிள், ரீஸ்பானுக்கு ஐந்து விநாடி. ஒவ்வொன்றும் பத்து நிமிடம், பக்கம் மாற்றி இரண்டு முறை. அணிகளைக் கலைக்கக் கூடாது.

ஏழாவதாக ஒருவர் ஆடாமல் நோட்டு வைக்க வேண்டும். நான்கு பத்தி போதும்: மணி, பவர் ஆயுதம், அது மேப்பிலிருந்து வந்ததா பெட்டியிலிருந்தா, அதனால் எத்தனை கில். இன்னொரு குறியும் முக்கியம். மூன்று பேரும் ஒரே இடத்துக்குச் சேர்ந்து நகர்ந்தது எத்தனை முறை? ஹேலோ ஹேலோவாக இருக்கிறதா என்பதை அந்த ஒரு எண் காட்டிக்கொடுக்கும். பெட்டி ஆட்டத்தில் ஆட்கள் சிதறி ஓடுவார்கள், மூன்றாவது ஆட்டத்தில் சத்தம் போட்டுச் சேர்ந்து போவார்கள்.

சோதனை கெடும் இடங்கள் இருக்கின்றன. மவுஸும் கன்ட்ரோலரும் கலந்தால் எண்களைக் குப்பையில் போடலாம். கன்ட்ரோலருக்குக் குறி உதவி உண்டு. எல்லாப் பிசியிலும் ஃபிரேம் 60-க்குப் பூட்டி, பார்வைக் கோணத்தையும் ஒரே எண்ணில் வைக்கவும். ஒப்பிட சிஓடி 4 ஓட்டுகிறவர்கள் புது ப்ரொஃபைலில் உட்காரக் கூடாது. சொந்த கிளாஸ் உருவாக்கும் வசதி நான்காம் ரேங்கில்தான் திறக்கும், அதுவரை பெர்க் ஒப்பீடே நடக்காது. பிசியில் இருப்பது திருத்தத்துக்குப் பிந்தைய ஹேலோ 4 என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2012-இல் ஆடியவர் சொன்ன ஐந்து பர்ஸ்டைத் தேடினால் கிடைக்காது. யூபிஎஸ் இல்லாத சென்டரில் இரவு மின்சாரம் போனால் அந்த ரவுண்டை முழுதாக அடித்துவிட்டு மறுபடி ஆடவும், பாதியை ஒட்டவைக்க வேண்டாம்.

யார் யாருக்குக் கடன்

சிஓடி பக்கமும் கை சுத்தமில்லை. 2003-இல் வந்த முதல் கால் ஆஃப் டியூட்டியில் காயம் பட்டால் மருந்துப் பெட்டி தேட வேண்டும். ஒதுங்கி நின்றால் உயிர் தானாக ஏறுவது 2005-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான். ஒதுங்கி நின்றால் ஷீல்டு ஏறுவது 2001-இலேயே ஹேலோவில் இருந்தது. ரேங்க் ஏறி ஆயுதம் திறப்பதை 2005-இலேயே பேட்டில்ஃபீல்டு 2 செய்துவிட்டது. ஆக, கடன் வாங்கியதே குற்றம் என்றால் தெருவில் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

இன்னொரு குறை அடிக்கடி இதே கணக்கில் எழுதப்படுகிறது: கொடி ஆட்டத்தில் கொடியைக் கீழே போட முடியாமல் செய்தது. அதைப் போட்டியாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அது 343 தானாகச் செய்துகொண்ட தவறு.

அந்த நிறுவனமே மூன்று ஈயையும் பிறகு ஒவ்வொன்றாகத் தட்டியது. வெளியான சில மாதங்களிலேயே லோட்அவுட் இல்லாத ஆட்ட வகைகள் பட்டியலுக்கு வந்தன. 2015 அக்டோபர் 27 அன்று வந்த ஹேலோ 5-இன் அரீனாவில் எல்லோருக்கும் ஒரே ஆயுதம், பவர் ஆயுதம் மறுபடி மேப்பில், அது எப்போது வரும் என்று அறிவிக்கும் குரலும் சேர்ந்தது. அடிபட்டால் ஸ்கோப் கழல்வதும் திரும்பியது. பர்சனல் ஆர்ட்னன்ஸ் வரவில்லை. 2021-இன் ஹேலோ இன்ஃபினிட்டிலும் அதே சமத் தொடக்கம்தான்.

ஸ்பிரின்ட் மட்டும் போகவில்லை. இன்ஃபினிட்டில் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் ஸ்பார்ட்டன் கையை வீசி ஓடுகிறான், நடையை விட வேகம் கொஞ்சம்தான் கூடுகிறது.